தலசீமியா பிள்ளைக்கு ரத்தம் ஏற்றும்போது ரியாக்‌ஷன் வராமல் காக்க: புதிதாக வரும் பெற்றோருக்கு

என் மகளுக்குத் தலசீமியா, அதாவது உடம்பால் போதுமான ஹீமோகுளோபினை உண்டாக்க முடியாத பிறவி ரத்த நோய். எட்டு மாதத்தில் முதல் பை ரத்தம் ஏறியது. இப்போது பதினாறு வயது. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை என்று கணக்குப் போட்டால் இருநூற்றைம்பது தடவைக்கு மேல் ஏற்றியாயிற்று. நெல்லிக்குப்பத்திலிருந்து கடலூர், கடலூரிலிருந்து புதுச்சேரி என்று பஸ் மாறி மாறிப் போய்த்தான் இதையெல்லாம் கற்றுக்கொண்டேன். நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. டே கேர் வார்டில் பக்கத்துக் கட்டிலில் புதிதாக ஒரு தாய் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு மிரண்டுபோய் உட்கார்ந்திருப்பார். அவரிடம் என்ன சொல்வேனோ அதைத்தான் இங்கே எழுதுகிறேன். மருந்தும் அளவும் உங்கள் டாக்டர் முடிவு. எதைக் கேட்க வேண்டும், எதைக் கவனிக்க வேண்டும் என்பது நம் பொறுப்பு.

வார்டில் பொதுவாக ரியாக்‌ஷன் என்று சொல்லிவிடுவார்கள், ஆனால் அது ஒரே விஷயம் இல்லை. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வருவது ஒன்று. உடம்பெல்லாம் தடிப்பு எழும்பி அரிப்பது ஒன்று. இந்த இரண்டும்தான் அடிக்கடி பார்ப்பவை. வகை மாறிய ரத்தம் ஏறி அந்தச் சிவப்பணுக்கள் உடம்புக்குள்ளேயே உடைவது அரிது, ஆனால் உயிருக்கே ஆபத்து. ரத்தம் வேகமாக ஏறி இதயத்துக்குச் சுமையாகி மூச்சுத் திணறுவது இன்னொன்று. கடைசியாக, வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்துச் சத்தமில்லாமல் வரும் வகை. காரணம் ஒவ்வொன்றுக்கும் வேறு, தடுக்கிற வழியும் வேறு. ஆனால் இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஊசி குத்துவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. அதனால் இந்தக் கட்டுரையில் ஊசி குத்துவதற்கு முந்தைய பகுதிதான் நீளம்.

முதல் பைக்கு முன்: முழு வகை பார்த்து வையுங்கள்

உங்கள் பிள்ளைக்கு இன்னும் ஒரு பை கூட ஏறவில்லை என்றால் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

நமக்குத் தெரிந்த ரத்த வகை ஏ, பி, ஓ, பாசிட்டிவ், நெகட்டிவ். ஆனால் சிவப்பணுவின் மேல் இன்னும் நூற்றுக்கணக்கான அடையாளங்கள் இருக்கின்றன. பாசிட்டிவ், நெகட்டிவ் என்று நாம் சொல்வது ஆர்ஹெச் குடும்பத்தில் டி என்ற ஒரே ஒரு அடையாளத்தைத்தான். அதே குடும்பத்தில் பெரிய சி, சின்ன சி, பெரிய இ, சின்ன இ இருக்கின்றன. அதற்கு வெளியே கெல், கிட், டஃபி என்று வரிசை நீள்கிறது. விபத்தில் அடிபட்டு ஒரு பை ஏற்றிக்கொள்கிறவருக்கு இவை பெரும்பாலும் பிரச்சினை ஆவதில்லை. ஆயுள் முழுக்க ஏற்றிக்கொள்ளும் பிள்ளைக்கு ஆகும். தன்னிடம் இல்லாத அடையாளம் உள்ளே வந்தால் உடம்பு அதை வேற்றாள் என்று எண்ணி எதிர்ப்பொருளைத் தயார் செய்துவிடலாம். மறுபடி அதே அடையாளத்தோடு ஒரு பை வந்தால் அந்த அணுக்களை உடைத்துத் தள்ளும். கெல் என்ற பெயர் எப்படி வந்தது என்று ஒரு டாக்டர் எனக்குச் சொன்னார். 1946-ல் இங்கிலாந்தில் ஒரு தாயின் ரத்தத்தில் இருந்த எதிர்ப்பொருள் அவர் குழந்தையின் சிவப்பணுக்களையே உடைத்தது. அந்தத் தாயின் குடும்பப் பெயரிலிருந்து எடுத்த எழுத்துகள்தான் கெல். அதைக் கேட்ட நாளிலிருந்து அந்த வார்த்தை எனக்கு வெறும் பரிசோதனைப் பெயராகத் தெரியவில்லை.

இந்த அடையாளங்களை முதல் பைக்கு முன்பே பார்த்துவிட வேண்டும். ஏற்றிய பிறகு பிள்ளை உடம்பில் ஓடுவது பாதி கொடையாளர் ரத்தம். அதைச் சோதித்தால் தெரியும் அடையாளம் பிள்ளையுடையதா கொடுத்தவருடையதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. முன்பே எடுத்தால் ஒரு சின்னக் குழாய் ரத்தத்தில் முடிகிற வேலை. விட்டுவிட்டால் பிறகு டிஎன்ஏ சோதனைதான் வழி. அது எல்லா ஊரிலும் கிடைக்காது, செலவும் கூடுதல்.

டாக்டரிடம் இப்படிக் கேளுங்கள்: "சார், முதல் பை ஏத்துறதுக்கு முன்னாடி ஆர்ஹெச், கெல் எல்லாம் சேர்த்து எக்ஸ்டெண்டட் ஃபீனோடைப்பிங் பார்த்துடலாமா?" அந்த இரண்டு வார்த்தையை ஒரு சீட்டில் எழுதி எடுத்துப் போனாலும் தப்பில்லை. அதன்பிறகு ஒவ்வொரு தடவையும் குறைந்தபட்சம் ஆர்ஹெச் அடையாளங்களும் கெல்லும் பொருந்திய பை கிடைக்குமா என்று கேட்க வேண்டும். புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மரில் ரத்த மாற்று மருத்துவத்துக்கென்றே தனித் துறை இருக்கிறது. உங்கள் ஊர் மருத்துவமனையில் இந்தப் பரிசோதனை இல்லை என்றால் சாம்பிளை எங்கே அனுப்பலாம் என்று உங்கள் டாக்டரையே கேளுங்கள். பிள்ளைக்கு ஹீமோகுளோபின் மிகவும் இறங்கி மூச்சு வாங்குகிறது என்றால் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது. சாம்பிளை மட்டும் முதலில் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு ஏற்றிக்கொள்ளுங்கள். ஏற்றுவதற்கு முன் எடுத்த சாம்பிள் கையில் இருந்தால் போதும்.

என் மகளுக்கு இதை யாரும் செய்யவில்லை. செய்யச் சொல்லிக் கேட்க எனக்கும் தெரியவில்லை.

ஒரு நோட்டு போடுங்கள்

அவளுக்கு ஆறு வயதில் ஒரு மருத்துவமனையில் கிராஸ் மேட்ச், அதாவது பை ரத்தத்தையும் பிள்ளை ரத்தத்தையும் கலந்து பார்க்கும் சோதனை, பொருந்தவே இல்லை. இரண்டு நாள் அலைந்த பிறகு ஒரு பை கிடைத்தது. டிஸ்சார்ஜ் சீட்டில் கீழே பேனாவால் ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தார்கள். அது என்ன என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பழைய சீட்டுகளோடு பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோவில் வைத்துவிட்டேன்.

எட்டு வயதில் வேறு மருத்துவமனைக்கு மாறினோம். அங்கே பரிசோதித்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது. ஏற்றினார்கள். ஒரு தும்மல் கூட இல்லாமல் வீட்டுக்கு வந்தோம். எட்டாம் நாள் காலையில் அவள் பாத்ரூமிலிருந்து கூப்பிட்டாள். "அம்மா, கறுப்பா போவுது." போய்ப் பார்த்தால் கடுங்காப்பி நிறம். கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தேன், மஞ்சள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஏற்றும்போது பத்துக்கு மேல் போயிருந்த ஹீமோகுளோபின் ஆறரைக்கு வந்திருந்தது. அப்போதுதான் ஒரு டாக்டர் பழைய சீட்டு இருந்தால் எல்லாம் கொண்டுவாருங்கள் என்றார். பீரோவில் இருந்த அந்தச் சீட்டில் பேனாவால் எழுதியிருந்தது "ஆன்டி-இ".

நடந்தது இதுதான். ஆறு வயதில் அவள் உடம்பு பெரிய இ அடையாளத்துக்கு எதிர்ப்பொருள் உண்டாக்கியிருக்கிறது. அது நாளாக நாளாக ரத்தத்தில் குறைந்து, பரிசோதனையில் பிடிபடாத அளவுக்குப் போய்விட்டது. ஆனால் உடம்பு மறக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து அதே அடையாளம் உள்ளே வந்ததும் ஒரு வாரத்தில் மளமளவென்று பெருகி அத்தனை அணுக்களையும் உடைத்தது. புது மருத்துவமனையின் பரிசோதனையில் தப்பில்லை. அவர்களுக்கு அந்தக் கதை தெரியாது, அவ்வளவுதான். நம் ஊர்க்காரர்களில் பெரிய இ இல்லாதவர்கள்தான் அதிகம். முன்கூட்டித் தெரிந்திருந்தால் பொருத்தமான பையைத் தேடி எடுத்திருப்பார்கள்.

அதனால்தான் நோட்டு. எந்த மருத்துவமனைக்கு மாறினாலும் உங்கள் பிள்ளையின் ரத்தக் கதை உங்களோடு வர வேண்டும். நான் நூற்று இருபது பக்க நோட்டு ஒன்றில் எழுதுகிறேன். முதல் பக்கத்தில் சிவப்பு மையில் பெரிதாக: ரத்த வகை, ஃபீனோடைப் முடிவு, இதுவரை வந்த எதிர்ப்பொருள்கள், எந்த மருந்துக்கு ஒவ்வாமை. அந்தப் பக்கத்தை போனிலும் படம் எடுத்து வைத்திருக்கிறேன். உள்ளே ஒவ்வொரு தடவைக்கும் தேதி, எடை, ஏற்றுவதற்கு முன் ஹீமோகுளோபின், பை எண், எத்தனை மில்லி, வடிகட்டியதா கழுவியதா, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், ஏதாவது நடந்ததா. பை எண்ணை மறக்காதீர்கள். பின்னால் ஏதாவது என்றால் அந்தக் கொடையாளர் வரைக்கும் தேடிப் போக அந்த எண் ஒன்றுதான் வழி.

எதிர்ப்பொருள் இருப்பதாகத் தெரிந்தால் ரத்த வங்கியில் ஒரு அட்டையோ கடிதமோ எழுதி வாங்குங்கள். தரத் தயங்கினால் பொறுமையாகத் திரும்பக் கேளுங்கள்.

எந்த மாதிரி ரத்தம்

முழு ரத்தம் வேண்டாம். சிவப்பணு மட்டும் பிரித்த பை வேண்டும். அதிலும் வெள்ளணு நீக்கியதாக இருக்க வேண்டும். குளிர் காய்ச்சல் ரியாக்‌ஷனுக்குப் பெரும்பாலும் காரணம் கொடையாளரின் வெள்ளணுக்கள்தான். அவையும், பை ஃப்ரிட்ஜில் இருக்கும்போது அவை வெளிவிடும் பொருள்களும் சேர்ந்து காய்ச்சலைக் கிளப்பும். அதனால் ரத்தம் எடுத்த கையோடு, சேமித்து வைப்பதற்கு முன்பே ரத்த வங்கியில் வடிகட்டிய பைதான் முதல் தரம். அது இல்லாத இடத்தில் கட்டில் அருகே மாட்டும் ஃபில்டர் வைப்பார்கள். ஒன்றுமில்லாததற்கு அது மேல்.

இங்கே புதியவர்கள் எல்லோருக்கும் வரும் ஒரு குழப்பம். ரத்தம் ஏற்றும் குழாயிலேயே ஒரு வலை இருக்கும். அதைப் பார்த்துவிட்டு "ஃபில்டர் போட்டிருக்காங்க" என்று நிம்மதியாகிவிடுகிறோம். அது கட்டிகளை நிறுத்தும் வலை. அதன் கண் 170 முதல் 200 மைக்ரான் வரை. வெள்ளணுவின் அளவு பத்துப் பன்னிரண்டு மைக்ரான்தான். கொசுவலைக்குள் மணல் போகிற மாதிரி போய்விடும். வெள்ளணு நீக்கும் ஃபில்டர் தனிச் சாதனம், விலையும் கூட. மாட்டியிருப்பது எது என்று சிஸ்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தடிப்பும் அரிப்பும் மறுபடி மறுபடி வந்தாலோ, ஒரு தடவை கடுமையாக வந்திருந்தாலோ, கழுவிய சிவப்பணு தேவைப்படலாம். ஒவ்வாமைக்குக் காரணம் பையில் மிஞ்சியிருக்கும் பிளாஸ்மாவின் புரதங்கள். உப்புநீரால் கழுவினால் அவை போய்விடும். கழுவிய பையை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும், கொஞ்சம் சிவப்பணுவும் வீணாகும். அதனால் எல்லோருக்கும் எடுத்தவுடன் செய்ய மாட்டார்கள். பையின் வயதையும் கேளுங்கள். தலசீமியா பிள்ளைகளுக்கு இரண்டு வாரத்துக்குட்பட்ட பை நல்லது. ஏறிய அணுக்கள் அதிக நாள் நிற்கும்.

இப்போது சொல்லப்போவது சொந்தக்காரர்கள் மனசு கோணும் விஷயம். பிள்ளைக்கு ரத்தம் என்றதும் முதலில் சட்டைக் கையை மடிக்கிறவர் தாய்மாமன்தான். அப்பா, சித்தப்பா, அண்ணன் என்று வரிசையாக வருவார்கள். அவர்கள் ரத்தத்தை உங்கள் பிள்ளைக்கு ஏற்ற வேண்டாம். நெருங்கிய உறவில் திசு அடையாளங்கள் ஒத்துப்போகும். அப்போது கொடுத்தவரின் வெள்ளணுக்களைப் பிள்ளையின் உடம்பு வேற்றாள் என்று அடையாளம் காணாமல் விட்டுவிடலாம். உள்ளே தங்கிவிட்ட அந்த வெள்ளணுக்கள் பிள்ளையின் உடம்பையே தாக்க ஆரம்பிக்கும். மிக அரிதாக நடப்பது, ஆனால் வந்தால் பெரும்பாலும் காப்பாற்ற முடிவதில்லை. சாதாரண வடிகட்டலை நம்பி இதில் இறங்க முடியாது, கதிர்வீச்சு கொடுத்த பைதான் இதற்குப் பாதுகாப்பு. அத்தை மகன், மாமன் மகள் என்று உறவுக்குள்ளேயே திருமணம் செய்யும் குடும்பங்களில் இந்த ஒற்றுமை இன்னும் அதிகம். நாளைக்கு எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்ய வாய்ப்பு வந்தால், குடும்பத்தார் ரத்தம் முன்பே ஏறியிருப்பது அதற்கும் இடைஞ்சல். தாய்மாமனிடம் சொல்லுங்கள்: "மாமா, நீங்க பேங்க்ல குடுங்க, அது வேற பிள்ளைக்குப் போவட்டும். நம்ம பாப்பாவுக்கு வேற யாரோ குடுத்தது வரும்." என் தம்பி அப்படித்தான் ஒன்பது வருடமாகக் கொடுத்து வருகிறான்.

இன்னொன்று. தலசீமியா பிள்ளைகளுக்கு ரத்தம் இலவசமாகத் தர வேண்டும் என்று தேசிய ரத்த மாற்றுக் குழு 2014-லேயே சொல்லியிருக்கிறது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் தலசீமியா சேர்ந்திருக்கிறது. அடையாள அட்டைக்கு விண்ணப்பித்து வையுங்கள்.

சாம்பிளும் பெயரும்

வகை மாறிய ரத்தம் ஏறுவதற்கு ஆய்வகத் தவறைவிடப் பெயர்க் குழப்பம்தான் பெரிய காரணம். நம் பக்கத்தில் இது இன்னும் சுலபமாக நடக்கும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். எங்கள் டே கேரில் ஒரே நாளில் ஒரே பெயரில் மூன்று பிள்ளைகள் படுத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஒன்றுக்கு இனிஷியல் முன்னால், ஒன்றுக்குப் பின்னால், ஒன்றுக்கு எழுதவே இல்லை. ஆதாரில் ஒரு எழுத்துக்கூட்டல், ஓ.பி. சீட்டில் வேறு.

முதல் வேலை, எல்லா இடத்திலும் ஒரே எழுத்துக்கூட்டல், ஒரே இனிஷியல் என்று ஆக்கிவிடுங்கள். அடுத்தது, சாம்பிள் எடுத்த குழாயில் கட்டில் பக்கத்திலேயே பெயரும் மருத்துவமனை எண்ணும் எழுதுகிறார்களா என்று நின்று பாருங்கள். நாலைந்து பிள்ளைகளுக்கு எடுத்து வைத்துக்கொண்டு அப்புறம் ஒட்டுமொத்தமாக எழுதுவது ஆபத்து. "சிஸ்டர், இப்பவே எழுதிடுங்களேன்" என்று சொல்வதில் அவமரியாதை ஒன்றும் இல்லை.

ஒவ்வொரு தடவையும் புது சாம்பிள் வேண்டும். அடிக்கடி ரத்தம் ஏறும் பிள்ளைக்கு மூன்று நாளுக்கு மேற்பட்ட சாம்பிளை நம்ப முடியாது, இடையில் புதிய எதிர்ப்பொருள் வந்திருக்கலாம். போன மாதம் பொருந்தியது என்று கிராஸ் மேட்ச் இல்லாமல் வாங்கவே கூடாது. எதிர்ப்பொருள் பரிசோதனையும் சேர்த்துச் செய்யக் கேளுங்கள். நாங்கள் முந்தின நாளே சாம்பிள் கொடுத்துவிட்டு வந்துவிடுவோம். ஒரு நடை கூடுதல்தான். ஆனால் ரத்த வங்கியில் அவசரப்படாமல் தேடிப் பொருத்த அவர்களுக்கு ஒரு ராத்திரி கிடைக்கிறது.

பை வரும் வழி

சில இடங்களில் பையை வேறு ரத்த வங்கியிலிருந்து நம்மையே போய் வாங்கி வரச் சொல்வார்கள். முடிந்தவரை மருத்துவமனை ஆளையே அனுப்பச் சொல்லுங்கள். வேறு வழியில்லை என்றால், சித்திரை வெயிலில் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு புதுச்சேரி பஸ்ஸில் வரக் கூடாது. ரத்த வங்கியிலேயே குளிர்ப்பெட்டி கேளுங்கள். சிவப்பணுப் பை வரும் வழியில் 2 முதல் 10 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஐஸ் மேலே நேராகப் படக் கூடாது, உறைந்தால் அணுக்கள் உடையும். நடுவில் துணியோ அட்டையோ வைக்க வேண்டும். துறைமுகத்தில் மீனுக்கு ஐஸ் கொட்டுகிற மாதிரி தெர்மகோல் பெட்டியில் ஐஸ் கொட்டி அதற்குள் பையைப் புதைத்துக் கொண்டுவந்த ஒருவரைப் பார்த்தேன். பாசத்தில் செய்ததுதான், பையைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று.

வீட்டு ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். வார்டுக்கு வந்ததும் குளிர்ச்சி போகட்டும் என்று வெந்நீரில் போடுவது, வெயிலில் வைப்பது, அக்குளில் இடுக்கிக்கொள்வது எதுவும் வேண்டாம். மெதுவாக ஏறும்போது அந்தக் குளிர்ச்சி பிள்ளையை ஒன்றும் செய்யாது. குளிரிலிருந்து எடுத்த அரை மணிக்குள் தொடங்க வேண்டும், எடுத்ததிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். முடியாவிட்டால் மிச்சத்தை நிறுத்திவிட வேண்டும். ஒரு சொட்டும் வீணாகக் கூடாது என்ற எண்ணம் இங்கே உதவாது. வெளியே வைத்த ரத்தத்தில் கிருமி வளரும்.

ஏற்றும் நேரம்

காலையில் பிள்ளை சாப்பிட்டிருக்கட்டும், தண்ணீர் குடித்திருக்கட்டும். ஏற்கெனவே சளி, காய்ச்சல் இருந்தால் ஊசி போடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் நடுவில் ஏறும் காய்ச்சல் எதனால் என்று தெரியாமல் போகும். தொடங்குவதற்கு முன் ஜுரம், நாடித்துடிப்பு, பிபி பார்த்து எழுத வேண்டும்.

பையைக் கொண்டுவந்ததும் இரண்டு பேர் சேர்ந்து சரிபார்ப்பார்கள். அப்போது நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நீங்களும் பாருங்கள். பெயர், எண், வகை, காலாவதித் தேதி. பையில் ஒழுகல், கட்டி, கருத்த நிறம் ஏதாவது தெரிந்தால் கேளுங்கள். அந்தக் குழாயில் சாதாரண உப்புநீரைத் தவிர வேறு எதுவும் போகக் கூடாது. குளுக்கோஸ் பட்டால் அணு உடையும். ரிங்கர் லாக்டேட்டில் இருக்கும் கால்சியம் ரத்தத்தை உறைய வைக்கும். அடிக்கடி ரத்தம் ஏறுவதால் உடம்பில் சேரும் இரும்பை இறக்கும் டெஸ்ஃபெரால் மருந்தையும் ரத்தத்தோடு சேர்த்து விடக் கூடாது.

முதல் பதினைந்து நிமிடம்தான் முக்கியம். அந்தப் பதினைந்து நிமிடமும் மெதுவாக ஏற வேண்டும். அந்த நேரத்தில் நான் டீக்குப் போக மாட்டேன், போனை எடுக்க மாட்டேன். அவள் முகத்தையும் கையையும் பார்த்துக்கொண்டே இருப்பேன். பெரிய ஆபத்துகள் பலவும் இந்த நேரத்தில், சில மில்லி உள்ளே போனதுமே முகம் காட்டிவிடும். குழந்தைகள் அதைச் சொல்லும் விதம் வேறு. "குளுருதும்மா", "முதுகு வலிக்குது", "நெஞ்சு இறுக்குது". சில சமயம் எதுவும் தெளிவாகச் சொல்லாமல் "என்னமோ பண்ணுதும்மா" என்பார்கள். அந்த வார்த்தையை ஒருநாளும் அலட்சியப்படுத்தாதீர்கள். பொருந்தாத ரத்தம் ஏறும்போது பெரியவர்களுக்கும் முதலில் தோன்றுவது அந்த இனம்புரியாத பயம்தான் என்று டாக்டர்களே சொல்கிறார்கள். பேசத் தெரியாத குழந்தை என்றால் திடீர் அழுகை, உதறல், தோல் சிவப்பது, முகம் வெளுப்பது.

பதினைந்து நிமிடம் கழிந்து மறுபடி ஜுரம் பார்த்த பிறகு வேகம் கூட்டுவார்கள். வழக்கமான கணக்கு ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 5 மில்லி. இருபது கிலோ பிள்ளைக்கு மணிக்கு 100 மில்லி, 300 மில்லி ஏற மூன்று மணி நேரம். இதயம் பலவீனமான பிள்ளைக்கு இதைவிடவும் மெதுவாக.

இதை எழுதும்போது எனக்கு மனம் கனக்கிறது. சாயங்காலம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று, சிஸ்டர் அந்தப் பக்கம் போனதும் குழாயின் உருளையைத் தாங்களே தள்ளி வேகம் கூட்டும் பெற்றோர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். கடைசி பஸ் போய்விட்டால் கைப்பிள்ளையோடு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். நானும் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் நாள்பட்ட ரத்தசோகையில் தளர்ந்த இதயத்தால் அந்த வேகத்தைத் தாங்க முடியாது. இருமல் வரும், படுக்க முடியாமல் எழுந்து உட்காரும், மூச்சு இரைக்கும். அந்த உருளையைத் தொடவே தொடாதீர்கள். நேரமாகிறது என்றால் காலையில் சீக்கிரம் தொடங்க வழி பாருங்கள். முந்தின நாள் சாம்பிள் கொடுப்பதன் இன்னொரு லாபம் அதுதான்.

ஏற்றுவதற்கு முன் அவில் என்ற ஒவ்வாமை ஊசி போடுவது பற்றி. முன்பு ஒவ்வாமை வந்த பிள்ளைக்கு டாக்டர் சொன்னால் போடலாம். பக்கத்துக் கட்டிலில் போட்டார்கள் என்பதற்காக நாமும் கேட்டு வாங்க வேண்டியதில்லை. ஒன்றும் வராத பிள்ளைக்கு வழக்கமாகப் போடுவதால் ரியாக்‌ஷன் குறைவதாக நிரூபணம் இல்லை. பாரசிட்டமால் கொடுத்திருந்தால் எச்சரிக்கையாக வர வேண்டிய காய்ச்சலும் மறைந்திருக்கும்.

வந்துவிட்டால்

குழாயை மூடச் சொல்லிச் சிஸ்டரைக் கூப்பிடுங்கள், உரக்கவே கூப்பிடுங்கள். ரத்தம் நிற்க வேண்டும், ஆனால் கையில் குத்தியிருக்கும் வென்ஃப்ளான் என்ற ஊசிக்குழலைப் பிடுங்கக் கூடாது. மருந்து போக அந்த வழிதான் வேண்டும். புதுக் குழாயில் உப்புநீர் ஓடும். பையையும் சீட்டையும் மறுபடி ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். மிச்ச ரத்தத்தோடு பையும் குழாயும் ரத்த வங்கிக்குத் திரும்பப் போக வேண்டும், புது சாம்பிளும் சேர்த்து. பையைக் குப்பையில் போட விடாதீர்கள். அடுத்துப் போகும் சிறுநீரை ஒரு சுத்தமான டப்பாவில் பிடித்து நிறத்தைக் காட்டுங்கள். வெறும் தடிப்பு மட்டும்தான் என்றால் மருந்து கொடுத்துவிட்டு டாக்டர் மறுபடி மெதுவாகத் தொடங்கச் சொல்லலாம். அதை நாமாக முடிவு செய்ய முடியாது.

என்ன நடந்தது, எத்தனை மில்லி ஏறியிருந்தது, என்ன மருந்து கொடுத்தார்கள் என்பதை அன்றைக்கே நோட்டில் எழுதிவிடுங்கள். மறுநாள் மறந்துபோகும்.

வீட்டுக்கு வந்த பின்

முடிந்த உடனே கிளம்பாமல் ஒரு மணி நேரமாவது வார்டிலேயே இருங்கள். காய்ச்சல் சில சமயம் முடிந்த பிறகுதான் ஏறும். ஆறு மணி நேரத்துக்குள் மூச்சுத் திணறல் வந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காமல் அருகில் உள்ள அவசரப் பிரிவுக்குப் போய், இன்று ரத்தம் ஏற்றினோம் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

அதன்பின் இரண்டு வாரம் காலையில் இரண்டே பார்வை: கண் வெள்ளை, சிறுநீர் நிறம். வெளிச்சத்தில், ஜன்னல் பக்கம் நிறுத்திப் பாருங்கள். ட்யூப் லைட்டில் மஞ்சள் தெரியாது. இரும்பு இறக்கும் டெஃபெரிப்ரோன் மாத்திரை சாப்பிடும் பிள்ளைகளுக்குச் சிறுநீர் செம்பழுப்பாகப் போவது வழக்கம். அதனால் உங்கள் பிள்ளையின் வழக்கமான நிறம் எது என்று முதலில் தெரிந்து வைத்திருங்கள். அதிலிருந்து மாறினாலோ, கண் மஞ்சளாகி சோர்ந்து போனாலோ உடனே ஹீமோகுளோபின், பிலிருபின், கூம்ப்ஸ் பரிசோதனை (சிவப்பணு மேல் எதிர்ப்பொருள் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது), எதிர்ப்பொருள் பரிசோதனை செய்யக் கேளுங்கள். மஞ்சள் காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். ஒரு வாரம் வீணாயிற்று.

எந்த அறிகுறியும் இல்லாமல் ஹீமோகுளோபின் மட்டும் முன்னைவிட வேகமாக இறங்குவதும் உண்டு. மூன்று வாரம் தாங்கியது இரண்டு வாரத்திலேயே இறங்குகிறதா? நோட்டைப் புரட்டினால் தெரிந்துவிடும். எதிர்ப்பொருளாக இருக்கலாம், மண்ணீரல் வீங்கி அணுக்களை விழுங்குவதாகவும் இருக்கலாம். டாக்டரிடம் அந்தப் பக்கங்களைக் காட்டுங்கள்.

பிள்ளைக்குப் பத்து வயது தாண்டியதும் இந்த வேலைகளை ஒவ்வொன்றாக அதன் கையில் கொடுங்கள். முதலில் நேரம் எழுதுவது, அடுத்துப் பை எண், பிறகு பெயர் சரிபார்ப்பது. கல்லூரிக்கு வெளியூர் போனால் நாம் கூடப் போக முடியாது. போன மாதம் புதிதாக வந்த சிஸ்டர் பையைத் தொங்கவிடும்போது என் மகள் நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டி, "அக்கா, எனக்கு ஆன்டி-இ இருக்கு, பையில பெரிய இ நெகட்டிவ்னு போட்டிருக்கான்னு ஒரு தடவ பாத்துடுங்க" என்றாள். அந்தப் பெண் பையைக் கழற்றி, லேபிளைத் திருப்பி, வரி வரியாகப் படித்துக் காட்டிவிட்டுத்தான் மாட்டினாள்.